ஆடிக் காற்றில் ஒரு கடல் விமானம்

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஆடிக் காற்றில் நானே பறந்திருக்கிறேன், சகோதரிகளே! அதுவும் தரையில் இறங்குகிற விமானத்தில் இல்லை. கடல் தண்ணீரில் இறங்குகிற விமானத்தில்!

“நெய்வேலியில் இருக்கிறவளுக்கும் கடல் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்கிறீர்களா? எல்லாம் பெண்ணைப் பெற்றதால் வந்த சம்பந்தம்தான். கேளுங்கள்.

காற்றைப் பற்றி எங்கள் டவுன்ஷிப் பெண்களுக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் துணி உலர்த்தும் முன் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிடுவோம். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வெள்ளை வேட்டி கொடிக்குப் போவதும், நிழலில் காய்வதும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூர்ப் பக்கம் கரை கடந்த அன்று, வருஷக்கணக்காக நாங்கள் ஊறுகாய் போட்ட மாமரம் வேரோடு சாய்ந்ததை ஜன்னல் வழியே பார்த்தவள் நான். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஊரில் ஒரு சின்ன விமானத் தளமும் உண்டு. ஒரு காலத்தில் ‘வாயுதூத்’ கம்பெனியின் குட்டி விமானங்கள் வந்து போயின என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடங்களில் கம்பத்தில் நீளமாக ஒரு துணிப்பை கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு பலமாக வீசுகிறது என்று பைலட்டுக்குச் சொல்ல. நம் கொடியில் தொங்கும் தலையணை உறை மாதிரிதான்! சின்ன விமானத்துக்குக் காற்று எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவே.

என் மகளும் மாப்பிள்ளையும் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள். நாலு வயதுப் பேரன். 2023-இல் அவள் இரண்டாவது உண்டாகியிருந்தாள். ஆவணியில் வளைகாப்பு வைக்க வேண்டும். 28 வாரம் தாண்டிவிட்டால் பல விமானக் கம்பெனிகள் டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். ஆகவே ஆடியிலேயே போய் அழைத்து வருவது என்று முடிவாயிற்று. “ஆடியில் பெண்ணை அழைப்பதா?” என்று நாத்தனார் முணுமுணுத்தாள். “ஆடிக்கு அழைக்கிறது நம்ம வழக்கம்தானே?” என்று என் வீட்டுக்காரர் அவள் வாயை அடைத்துவிட்டார். சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எதற்கும் பதட்டப்பட மாட்டார். பதட்டப்படுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மகள் இருக்கும் தீவுக்கு மாலேயிலிருந்து நேராக விமானம் இல்லை. பக்கத்து உல்லாசத் தீவு வரை கடல் விமானம், அங்கிருந்து படகு. (படகை அவர்கள் ‘தோணி’ என்றே சொல்கிறார்கள்! காதில் விழுந்ததும் எனக்குப் பாதி பயம் போயிற்று.)

‘ட்வின் ஆட்டர்’ என்று பெயர். கனடாவில் செய்த விமானம். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் படகு போல நீளமாக இரண்டு மிதவைகள். உள்ளே பதினைந்து பேர் உட்கார இடம். இரண்டு பைலட்டுகள், இறக்கி ஏற்ற ஒரு பையன். அந்தப் பைலட்டுகள் காலில் செருப்பு கூட இல்லை! சரிவான ஈர மிதவை மேல் ஏறி இறங்க வெறுங்கால்தான் வசதியாம். பெட்டியை எடை போட்டார்கள். நார்த்தங்காய் ஊறுகாயும் முறுக்கு டின்னுமாகச் சேர்ந்து மூன்று கிலோ கூடுதல். அதற்குப் பணம் கட்டிய கதையை அவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். ஆனால் அந்தக் கணக்கு வீணில்லை. சின்ன விமானத்தில் ஒவ்வொரு கிலோவும், அது எங்கே உட்கார்கிறது என்பதும், பைலட்டுக்குத் தெரிய வேண்டும்.

புறப்பட்டது சுகமாகத்தான் இருந்தது. கீழே கடல் நீலமும் பச்சையுமாக, தட்டில் வார்த்த தோசைகள் போலத் தீவுகள். முக்கால் மணி நேரத்தில் நாங்கள் இறங்க வேண்டிய தீவு வந்தது. அங்கேதான் வந்தது வினை.

தண்ணீரை நெருங்க நெருங்க விமானம் ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஒரு நொடி யாரோ கீழேயிருந்து தூக்கி விட்டது போல மேலே; மறு நொடி வயிறு தொண்டைக்கு வரும்படி கீழே. வெள்ளை வெள்ளையாக நுரைத் தலைகள் கண்ணுக்கு நேராக ஓடின. ‘அப்பாடா, தொட்டுவிட்டோம்’ என்று நினைக்கும்போது இஞ்சின் வீறிட்டது, மறுபடி மேலே! ஒரு சுற்றுச் சுற்றி இரண்டாம் தரம் வந்தார்கள். இந்தத் தரம் மிதவை தண்ணீரைத் தட்டி எழும்பியது கூடத் தெரிந்தது. மறுபடி இஞ்சின் சத்தம், மறுபடி மேலே. அத்தோடு விமானம் திரும்பிவிட்டது. மாலேக்கே!

மேடைக்கு வந்து காத்திருந்த தோணியை நான் கண்ணால் பார்த்தேன். அதில் பச்சைத் துப்பட்டா தெரிந்தது. என் பெண்தான்.

அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பையனின் கையைப் பிடித்து, “தம்பி, எம் பொண்ணு மாசமா இருக்கா, காத்துக்கிட்டு நிக்கிறா. இன்னொரு தரம் இறக்கிப் பாக்கச் சொல்லுங்க” என்று கெஞ்சினேன். எனக்கு முன்னால் இருந்த வெளிநாட்டுக்காரர் வேறு ஏதோ கோபமாகச் சொன்னார். பையன் பாவம், சிரித்துத் தலையாட்டினானே தவிர பைலட்டைக் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், “சும்மா இரு. கன்வேயர் பெல்ட்டை நிறுத்துறவனைப் பார்த்து ஏன் நிறுத்தினேன்னு மேலதிகாரியே கேக்க மாட்டான்” என்றார். அன்று ராத்திரி ஒரு லாட்ஜில் நான் அவரோடு பேசவே இல்லை.

மறுநாள் காலை அதே தீவில் பூப்போல இறங்கினோம். மிதக்கும் மேடையில் எங்கள் பெட்டியை வாங்கி வைத்த பையன் பேச்சைக் கேட்டதும் காது குளிர்ந்தது. தூத்துக்குடிக்காரர், மீனவர் வீட்டுப் பிள்ளை. “நேத்து நீங்கதானாம்மா அது? கும்பிட்டுக்கிட்டே பார்த்துக்கிட்டு நின்னேன். நல்ல வேளை, திரும்பிப் போனாவ” என்றார். தோணி வரும் வரை அவரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு மாப்பிள்ளை படித்துச் சொன்னதையும் சேர்த்துத் தருகிறேன்.

பலமான காற்று மட்டும் என்றால் பயமில்லையாம். எதிர்க்காற்று ஒரே சீராக அடித்தால் விமானம் இன்னும் மெதுவாக, பத்திரமாக இறங்கும். தொல்லை, விட்டு விட்டு வீசுகிற காற்றில்தான். மொட்டை மாடியில் ஈரப் போர்வையை விரித்துப் பிடித்துப் பாருங்கள். குப்பென்று காற்று வந்தால் போர்வை உங்களைப் பின்னால் தள்ளும். நீங்கள் முன்னால் சாய்ந்து சமாளிப்பீர்கள். சட்டென்று காற்று நின்றால்? குப்புற விழப் பார்ப்பீர்கள்! விமானத்து இறக்கைக்கும் அதே கதி. அதைத் தாங்குவது இறக்கை மேல் ஓடுகிற காற்றின் வேகம். இறங்கும்போது சுமார் 130 கிலோமீட்டர் வேகம் என்று வையுங்கள். எதிர்க்காற்று திடீரென 25 கிலோமீட்டர் குறைந்தால், அந்த நொடியில் இறக்கைக்குக் கிடைக்கும் காற்றும் அவ்வளவு குறைகிறது. ஆயிரம் அடி உயரத்தில் என்றால் சமாளிக்க நேரம் உண்டு. தண்ணீருக்கு இருபது அடி மேலே என்றால்?

அதனால்தான் காற்று குதிக்கிற நாளில் பைலட் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியே வருவார். இஞ்சினை அடக்கிவிடாமல் வைத்திருப்பார். சரிப்படவில்லை என்றால் உடனே மேலே கிளம்பிவிடுவார். நான் ‘தோற்றுப் போய்த் திரும்புகிறார்கள்’ என்று நினைத்த அந்த வீறிடல்தான் எங்களைக் காப்பாற்றிய சத்தம்.

இன்னொன்று. தரையில் ஓடுபாதை அசையாது. தண்ணீர் அப்படியா? காற்று பலக்கப் பலக்க அலையும் எழும்பும். மிதவையின் மூக்கு அலையில் குத்தினால் விமானம் முன்பக்கமாகக் கவிழலாம். கோணலாகப் பட்டால் ஓங்கில் மீன் மாதிரி மூக்கை மேலும் கீழும் ஆட்டிக் குதிக்க ஆரம்பிக்கும். அடக்காவிட்டால் ஒவ்வொரு குதியும் பெரிதாகும். பக்கவாட்டுக் காற்று ஒரு இறக்கையைத் தூக்கி, மறு இறக்கை நுனியைத் தண்ணீரில் தோய்த்துவிடலாம்.

இறங்கிவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை! தண்ணீரில் பிரேக் கிடையாது. கோபுரத்துக் காற்றுச் சேவல் மாதிரி விமானம் தானாகவே காற்றை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பலத்த காற்றில் அதை வலுவில் முதுகு காட்டத் திருப்பினால் ஒரு பக்க மிதவை அமுங்கிச் சாய்ந்துவிடும். அதனால் சில சமயம் பைலட்டுகள் திருப்பாமலே, பாய்மரப் படகு போலக் காற்றின் போக்கில் பின்பக்கமாகவே நகர விடுவார்களாம். “நாங்க வள்ளத்தில செய்யறதுதாம்மா” என்றார் தூத்துக்குடித் தம்பி.

தண்ணீரைப் படிக்கத் தெரிய வேண்டும் என்றார். கருத்த திட்டு ஒன்று தண்ணீர் மேல் சடசடவென்று ஓடி வந்தால் அது காற்று வீச்சு. வெள்ளை நுரை ஆங்காங்கே தலை காட்டினால் காற்று மணிக்கு இருபது கிலோமீட்டர் அளவில் வந்துவிட்டது. நுரை கோடு கோடாக நீண்டால் இன்னும் பலம். கரையோரம் வழுவழுப்பாக ஒரு பட்டை தெரிந்தால் காற்று அந்தக் கரையிலிருந்து வருகிறது. எனக்குப் புகைபோக்கி மாதிரி அவர்களுக்குக் கடல்!

சரி, காற்றே இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். சிரித்தார். அதுவும் ஆபத்தாம். தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்கே தெரியாதாம். சமையலில் உப்பு மாதிரிதான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இதெல்லாம் அந்நிய தேசத்துச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது சென்னைக்குப் பக்கத்தில் நம் செங்குன்றம் ஏரியில்தான் பிரிட்டிஷ் விமானப் படையின் ‘காடலினா’ பறக்கும் படகுகள் நின்றன. இலங்கையில் கொக்கல ஏரியிலும் அப்படியே; 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி அங்கிருந்து கிளம்பிய ஒரு காடலினாதான் ஜப்பானியக் கப்பற்படை வருவதைப் பார்த்து, சுட்டு வீழ்த்தப்படும் முன் இலங்கைக்குச் செய்தி அனுப்பியது. நம் காலத்தில் அந்தமானில் ‘ஜல் ஹன்ஸ்’ என்று எட்டுப் பேர் பயணம் செய்யும் கடல் விமானத்தை 2010 டிசம்பர் கடைசியில் தொடங்கி வைத்தார்கள். பிறகு அது நின்று போயிற்று. 2020 அக்டோபர் 31 அன்று குஜராத்தில் படேல் சிலைக்கும் சபர்மதி நதிக்கும் இடையே ஓடிய விமானம் மாலத்தீவிலிருந்து வந்ததே. (அங்கே இறங்குகிற குளத்திலிருந்து முதலைகளைப் பிடித்து வேறு இடம் மாற்றினார்கள். அதைக் கேட்டபின் காற்றே தேவலை என்று தோன்றியது எனக்கு.) அதுவும் 2021 ஏப்ரலில் நின்றுவிட்டது.

கேரளத்தில் 2013-இல் ஆரம்பித்து மீனவர் எதிர்ப்பால் நின்ற திட்டம், 2024 நவம்பர் 11 அன்று மறுபடி தலை தூக்கியது. கொச்சியிலிருந்து ஒரு ட்வின் ஆட்டர் மூணாறு பக்கத்து மாட்டுப்பட்டி அணையில் வெள்ளோட்டமாக இறங்கியது. நம் தேனி ஜில்லாவுக்கு எட்டிப் பிடிக்கிற தூரம். மலை நடுவே உள்ள அணையில் வேறு ஒரு சங்கடம்: மலை முகட்டைத் தாண்டி வரும் காற்று சரிவில் உருண்டு விழுந்து, சுழன்று, எந்தத் திசை என்றே தெரியாமல் அடிக்கும். கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே காற்றும் அடர்த்தி குறைவு. விமானம் இன்னும் வேகமாக வந்து இறங்க வேண்டியிருக்கும். நாளைக்கு உங்கள் பிள்ளை டிக்கெட் வாங்கி வந்து “வாங்கம்மா, ஏறலாம்” என்று நிற்கலாம். ஆகவே சொல்கிறேன்.

மனசைப் பிசைகிற ஒரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். 2009 நவம்பர் 29 அன்று கனடாவின் மேற்குக் கரையில் சட்டூர்னா என்ற தீவின் குடாவிலிருந்து ஒரு சின்ன மிதவை விமானம் கிளம்பியது. குன்றுகளைத் தாண்டி வந்த குதிக்கும் காற்றில் சிக்கித் தண்ணீரில் விழுந்தது. எட்டுப் பேரில் இரண்டு பேர்தான் பிழைத்தார்கள். மற்ற ஆறு பேரும் விழுந்த அடியில் சாகவில்லை. கதவு திறக்காமல் உள்ளேயே மூழ்கிப் போனார்கள். அதில் ஒரு தாயும் ஆறு மாதக் குழந்தையும். விசாரணைக்குப் பிறகு, எளிதில் தள்ளித் திறக்கிற ஜன்னல் வேண்டும், பயணிகள் மிதவைச் சட்டையை உடம்பிலேயே கட்டியிருக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்தச் சட்டை விஷயம் 2019-இல் அங்கே விதியாகவும் வந்தது.

ஏறியதும் பையன் சொல்வதைச் செவி கொடுத்துக் கேளுங்கள். நான் முதல் தரம் போனபோது ஊறுகாய் ஜாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்! உங்கள் இருக்கையிலிருந்து கதவு எத்தனை வரிசை என்று கையால் தொட்டு எண்ணிக்கொள்ளுங்கள். விமானம் கவிழ்ந்தால் எது மேல், எது கீழ் என்றே தெரியாமல் குழம்பிப் போகும். கை மட்டும் மறக்காது. ஒரு கையால் பக்கத்துக் கம்பியையோ இருக்கையையோ பிடித்துக்கொண்ட பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை எந்தக் காரணம் கொண்டும் உள்ளே வைத்து ஊதாதீர்கள்! 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று கொமொரோஸ் தீவருகே கடலில் விழுந்தபோது, முன்கூட்டியே ஊதிக்கொண்ட பலர் தண்ணீரோடு கூரைக்கு மிதந்து போய், வாசலுக்கு வர முடியாமல் இறந்தார்கள். வெளியே வந்த பிறகே கயிற்றை இழுக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தனி ஜாக்கெட் உண்டு; தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். குழந்தையை உங்கள் பெல்ட்டுக்குள்ளே சேர்த்துக் கட்டக் கூடாது. உங்கள் எடை அதை நசுக்கிவிடும்.

மாசமாக இருக்கிற பெண்கள் பெல்ட்டை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் போட வேண்டும். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், எண்ணெய்ப் பலகாரம் தின்றும் போகாதீர்கள். இரண்டு இட்லி போதும். கண்ணை மூடாமல் தூரத்தில் வானமும் கடலும் சேருகிற கோட்டைப் பாருங்கள். மாத்திரை எதுவானாலும் டாக்டரைக் கேட்டுத்தான். இறங்கும்போது குழந்தைக்குப் பால் கொடுத்தால் காது அடைப்பு குறையும். இன்னும் ஒன்று: கடல் விமானம் அங்கே இருட்டில் பறக்காது. ஆகவே அன்றைக்கே ஊருக்கு இணைப்பு விமானம் என்று நெருக்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நாம் அவசரப்பட்டால் அந்த அவசரம் பைலட்டின் தலையில் போய் உட்காரும்.

ஐந்தாம் நாள் மகளையும் பேரனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினோம். டாக்டர் கடிதம் பையில். மேடைக்கு வந்தால் மறுபடி காற்று! கடல் முழுக்க வெள்ளை நுரை. எங்களை ஏற்ற வந்த விமானம் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மூன்று மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்து இறங்கியது. “அம்மா, நீ ஒண்ணும் சொல்லலையே?” என்று என் பெண் ஆச்சரியப்பட்டாள். நான் முறுக்கு டின்னைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெறுங்காலோடு இறங்கிய பைலட்டுக்கும் இரண்டு கொடுத்தேன். அவர் தமிழ் தெரியாதவர். நான் சொன்ன நன்றி எதற்கு என்று புரிந்திருக்காது. முறுக்கு புரிந்தது.

ஐப்பசிக் கடைசியில் நெய்வேலியில் பேத்தி பிறந்தாள், மூன்று கிலோ. ஊறுகாயும் முறுக்கும் சேர்த்து நான் அதிகப்படியாகக் கட்டிக்கொண்டு போன அதே எடை என்று அவர் கேலி செய்தார். பேரனுக்குத்தான் அந்த மூன்று மாதமும் ஒரே வேலை. காலையில் நான் துணி வாளியோடு கொல்லைக்குப் போனால் கூடவே வந்து புகைபோக்கியை அண்ணாந்து பார்ப்பான். புகை நேராகப் போனால் ஒன்றும் சொல்ல மாட்டான். சாய்ந்து பிய்ந்து போனால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “பாட்டி, இன்னிக்கு பிளேன் இறங்காது. திரும்பிப் போயிடும்” என்பான். நான் வெள்ளைத் துணியை வாளியிலேயே விட்டு உள்ளே எடுத்து வந்துவிடுவேன்.